மூச்சு விடும் சுவர்

என் அண்ணன் ஒரு கட்டடத்துக்காகத் தன் இரண்டு கண்களையும் சாமியிடம் பணயம் வைத்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே வைத்தார். எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்கு வாய் அப்படி.

நடந்தது மடைக் கருப்பு முன்னால். எங்கள் ஊர்க் கண்மாயின் மடையை ஒட்டி, கூரையில்லாமல், ஒரு அரிவாளும் இரண்டு வேல்கம்பும் நட்டு வைத்திருக்கிற இடம்தான் கோயில். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கடலைப் பார்த்துக் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் எங்கள் ஊரில் இறங்கிக்கொள்ளலாம். கண்மாய்க்குள் தண்ணீரில் நிற்கிற கருவேல மரங்களில் ஐப்பசி மழைக்குப் பிறகு பறவைகள் வந்து கூடு கட்டும். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். பங்குனி வரைக்கும் குஞ்சுகளின் இரைச்சல்தான். அவை இருக்கிற மாதங்களில் ஊரில் வெடி கிடையாது, கொட்டு கிடையாது, மைக்செட் கிடையாது. தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்போடு சரி. கண்மாயின் தண்ணீர்ப் பக்கம் ஒருவரும் இறங்க மாட்டார்கள். இதெல்லாம் சர்க்கார் போட்ட சட்டம் இல்லை, ஊர் போட்டது.

அந்தக் கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மையம் கட்டப்போகிறோம் என்று அதிகாரிகள் வந்தபோது ஊர் முடியாது என்றது. என் அண்ணன் ஊர் அம்பலம், அதாவது ஊருக்குத் தலைவர். அவருக்கு அந்தக் கட்டடம் வேண்டும் என்று ஆசை. எனக்கும்தான். டிப்ளமோ சிவில் படித்துவிட்டு இராமநாதபுரத்தில் கடைக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரர் சவூதியில் இருந்ததால் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தேன். அண்ணனுக்குப் பிள்ளையில்லை. என் மகள்தான் அவருக்கும் மதினிக்கும் பிள்ளை. சொந்த ஊரிலேயே ஒரு வேலை கிடைத்தால் காலையில் அவளைப் பள்ளிக்கூட வேன் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் போகலாமே என்று எனக்கு ஒரு கணக்கு.

அண்ணன் ஊர்க்கூட்டத்தில் பேசிப் பேசிப் பார்த்தார். கல்லில் நார் உரிக்கிற கதைதான். கடைசியில் கோபம் வந்து, மடைக் கருப்பு முன்னால் ஒரு கை நிறையச் சூடத்தை வைத்துக் கொளுத்தி, எல்லோரும் பார்க்க உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

“இந்தக் கட்டடத்தால இங்கன வர்ற பறவை நின்னு போச்சுன்னா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும். போதுமா?”

ஊர் போதும் என்றது. சூடம் அணைத்துச் சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் மேற்கொண்டு பேச்சே கிடையாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

“வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீகளேண்ணே! வாயால சொன்னாப் பத்தாதா? கண்ணு எதுக்கு?”

“சும்மா வாத்தா. நல்ல காரியத்துக்குச் செஞ்ச சத்தியம். ஒண்ணும் ஆகாது” என்றார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மதினி அதற்கு எண்ணெய் தடவினார்.

கட்டட மேற்பார்வை வேலை நினைத்தபடி எனக்கே கிடைத்தது. ஆர்க்கிடெக்ட் சென்னையிலிருந்து வந்தார். சின்ன வயசுக்காரர். வந்ததும் படத்தை விரித்து நமக்குப் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. ஒரு பறவைக் காலம் முழுக்க ஊரில் வீடெடுத்துத் தங்கி, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைக் கேட்கக் கேட்க, இத்தனை வருஷம் சிமெண்டையும் கம்பியையும் கட்டிக்கொண்டு அழுதோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. தண்ணீர் அடியில் தடையில்லாமல் ஓடுகிற மாதிரி கருங்கல் கால்களின் மேல் கட்டடத்தை நிறுத்தினோம். கண்மாய் வண்டலையே அச்சில் அழுத்திச் சுவருக்குக் கல் செய்தோம். சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்துப் பூசினோம். உத்தரம் பனை, மேலே நாட்டு ஓடு. கரை மண்ணின் நிறமே கட்டடத்துக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கரை அந்த இடத்தில் கொஞ்சம் மேடாகியிருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஏசி கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் வடக்குச் சுவர். மானாமதுரை மண்ணில் செய்த குடங்களைப் படுக்க வைத்து வரிசை வரிசையாக அடுக்கிய சுவர் அது. குடத்தின் வாய் வெளியே, தண்ணீரைப் பார்த்து. அடியில் விரல் நுழைகிற ஒரு துளை, உள்ளே அறையைப் பார்த்து. தண்ணீர் மேல் வருகிற காற்று பெரிய வாயில் நுழைந்து சின்னத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு வெளிவரும்போது குளிர்ந்துவிடும்.

“கட்டடம் மூச்சு விடணும் மேடம். அப்பத்தான் அது உயிரோட இருக்கும்” என்றார் ஆர்க்கிடெக்ட்.

சித்திரை வெயிலில் அந்தத் துளைகளுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினேன். ஜில்லென்று இருந்தது. ஆஹா, நாம் கட்டியது என்று பெருமையாகவும் இருந்தது. ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து காற்று அடித்து ஊரையே புழுதியில் புரட்டியபோது ஓடு ஒன்றுகூட அசையவில்லை. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். ஆடிக் காற்று அந்த வடக்குச் சுவருக்கு முதுகுப் பக்கமாகத்தான் வருகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருச்சு என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், அமர்த்து என்போம். எங்கே கிளம்பினாலும் வாரேன்தான். இதெல்லாம் தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். எங்கள் ஊரில் அது பறவை வரைக்கும் போகும். பங்குனி முடிந்து அவை பறந்த பிறகுகூடப் போய்விட்டன என்று ஒருவர் வாயிலும் வராது. ‘மறுவீடு போயிருக்கு’ என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். எங்கள் ஊர் வாய் தானாகவே மூடிக்கொள்ளும். இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிரம்பியது, பறவைகள் வந்தன, குச்சி பொறுக்கிக் கூடு கட்ட ஆரம்பித்தன. அண்ணன் கோயிலில் பொங்கல் வைத்தார். கார்த்திகை பாதியில் காற்று திரும்பி, வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி வாடை அடிக்கத் தொடங்கியது.

விடிகிற நேரம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம், ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிற மாதிரி கனமாக. காற்று தணிந்தால் தணிந்தது, எழுந்தால் எழுந்தது. தெருநாய் குரைக்கவில்லை. டிராக்டருக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. மதினி வெளியே வந்து, “என்னத்தா இது, யாரோ ஒப்பாரி…” என்று ஆரம்பித்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் கரைக்கு ஓடினேன். உள்ளே போய் வடக்குச் சுவரில் கை வைத்தேன். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை குடமும் வாடையை வாயில் வாங்கி ஊதிக்கொண்டிருந்தன. பார்வைக்கு விட்டிருந்த ஜன்னல் வழியே கண்மாயைப் பார்த்தேன். சத்தம் ஏறும்போதெல்லாம் பறவைகள் மொத்தமாக மரத்தை விட்டு எழும்பின. வட்டமடித்தன. சத்தம் இறங்கியதும் உட்கார்ந்தன. மறுபடி எழும்பின.

காக்கைகளுக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. இரண்டொரு நாளில் அவை எங்கள் நாட்டு ஓட்டின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. சுவர் ஊதும், நாரைகள் எழும்பும், காக்கைகள் நேரே கூட்டில் இறங்கும். அவசரமே இல்லாமல் முட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் ஓட்டுக்கு வரும். அடுத்த காற்றுக்குக் காத்திருக்கும்.

அதே வாரம் ஆர்க்கிடெக்ட் அண்ணனுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பறவையெல்லாம் எப்படி இருக்குங்க?”

“நல்லா இருக்குங்க சார். வந்துருச்சு. நிறைஞ்சிருக்கு” என்றார் அண்ணன்.

அடப்பாவி மனுஷா என்று போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னேன். அவர், உள்பக்கத் துளைகளை அடைத்துப் பாருங்கள், காற்று ஓடாவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்றார். சுண்ணாம்பைக் குழைத்து, சத்தமில்லாமல், கட்டை விரலால் ஒவ்வொரு துளையாக அப்பினோம். அன்று சாயங்காலம் காற்று எழுந்தபோது சத்தம் நிற்கவில்லை. தடித்தது. அதுவரை காற்று போக வழியாவது இருந்தது. இப்போது எல்லாக் குடத்துக்கும் அடி மூடி, நல்ல பாட்டிலாகவே ஆகிவிட்டன. கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் கண்ணைக் கசக்கினார்.

ஆர்க்கிடெக்ட் அடுத்த ரயிலில் இராமநாதபுரம் வந்து இறங்கி, நேரே கரைக்கு வந்தார். நின்று கேட்டார். “வெளிப்பக்கம் வாயை அடைக்கணும். தண்ணிப் பக்கம் ஒரு சாரம் கட்டினால் போதும், சீக்கிரம் முடிச்சிடலாம்” என்றார். ஊர் கூடியது. பறவை கூட்டில் இருக்கையில் தண்ணீர்ப் பக்கம் எவரும் இறங்கக்கூடாது என்றது.

“அந்தச் சத்தத்துலதான் பறவை…” என்று ஆரம்பித்தவர், எங்கள் ஊர் முகங்களைப் பார்த்துவிட்டு முடிக்க முடியாமல் கைகூப்பி நின்றார்.

“வேணாம் சார். அங்கன ஆள் இறங்குனாப் பறவை பயந்துரும்” என்றார்கள் மிகவும் மரியாதையாக. பின்னால் சுவர் ஊதிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “காது செவிடா உங்களுக்கெல்லாம்? பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீகளே! கூட்டுல முட்டை இருக்கான்னு எவனாவது நிமிந்து பார்த்தீகளா?” என்று கத்தினேன்.

“சத்தம் போடாதத்தா. பறவை இருக்கு” என்றார்கள்.

அம்பலம் நினைத்தால் ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அண்ணனைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டு, “முறையை மீறி உள்ள இறங்கி, அதனால ஒண்ணு ஆச்சுன்னா, அதுவும் என் சத்தியத்துலதான வந்து சேரும்” என்றார். சரி, யாரும் வேண்டாம், நானே இறங்குகிறேன் என்று சேலையை வரிந்து கட்டினேன். “என் கண்ணு மேல ஆணை, இறங்காத” என்றார். அந்தக் கண்ணுக்காகத்தானே இறங்கப் பார்த்தேன்! என்ன செய்வது? கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பறவைக் காலம் முடிந்த பிறகு அதே குடங்களை ஒரே நாளில் அடைத்து முடித்தோம். எதற்கு?

மார்கழியில் மரங்கள் இளைத்தன. தை பிறந்தபோது ஒன்றிரண்டு கொக்குதான். ஊர் வாய் திறக்கவில்லை. இன்னைக்கு மேய்ச்சல் தூரம் போயிருக்கு என்றார்கள். பனியில கண்ணுக்குத் தெரியலை என்றார்கள். வெளியூரிலிருந்து காரில் வந்தவர்கள் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் அழகான கட்டடத்தில் ஏறி, காக்கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பொங்கல் அன்று அண்ணன் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். மதினி பார்த்தார், நான் பார்த்தேன். பிறகு மின்கம்பத்துக்கு வணக்கம் சொன்னார். லைட்டைப் பார்த்தால் சுற்றிப் புகை மாதிரி தெரிகிறது என்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். ஆர்.எஸ்.மங்கலத்தில் கண் முகாம் நடந்தபோது இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் மறுநாளே தெரியும், ஒன்றும் பயமில்லை என்றார். மனசு லேசானது எனக்கு. வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்:

“இது புரை இல்லத்தா. கருப்பு எடுத்துக்கிட்டு இருக்கு. கொடுத்ததைத் திருப்பிக் கேக்கப்படாது.”

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. மதினி காலில் விழுந்து அழுதார். நான் ஏசாத ஏச்சில்லை. ஊர்க்காரர்களோ, “அம்பலத்துக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் கோயிலுக்குக் கும்பிடப் போனவர் மடையடியில் திறந்து கிடந்த ஆழக் குழியான மடைக்கிடங்குக்குள் காலை வைத்துவிட்டார். பின்னாலேயே போன மதினி சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து அவருக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

காலையில் கரையில் வந்து உட்கார்ந்து, ஊர் எதைச் சொல்லாதோ அதை என்னிடம் கேட்பார். “வந்துருச்சாத்தா?” நான் பதில் சொல்லாமல் இருப்பேன். அவரும் விட்டுவிடுவார்.

மாசியில் ஒரு நாள் வாடை விழுந்துவிட்டது. சுவர் மூச்சு விடவில்லை. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஊதலையே. திரும்பி வந்துருச்சாத்தா?” என்றார்.

நான் கண்மாயைப் பார்த்தேன். காய்ந்த கூடுகள், எச்சம் படிந்த கிளைகள், ஒரு இறகு. வேறு ஒன்றும் இல்லை.

“வந்துருச்சுண்ணே” என்றேன்.

“நாரையா?”

“நாரைதான். கூழைக்கடாவும் இருக்கு.”

“குஞ்சு?”

“இருக்குண்ணே.”

“சத்தம் கேக்கலையே?”

“காத்து அந்தப் பக்கம் திரும்பிருச்சுல்ல” என்றேன். வாய் கூசவில்லை. அந்தக் கண் பிழைத்தால் போதும் என்று இருந்தது.

அவர் கோயில் இருக்கிற திசை என்று நினைத்து வேறு எங்கோ பார்த்துக் கும்பிட்டார். “அப்பச் சரி. மதுரைக்குப் போவோம்” என்றார்.

மதுரையில் வலது கண்ணுக்கு முதலில் செய்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தபோது நான் எதிரே நின்றேன். கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டே இருந்தவர், “ஏத்தா, உனக்கு இம்புட்டு நரைச்சுப் போச்சா!” என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதேன். மதினிக்குப் போன் போட்டு, “உன் புருஷனுக்குக் கண்ணு வந்துருச்சு” என்று கத்தினேன்.

பஸ் ஏறிய பிறகுதான் பயம் பிடித்தது. அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு கடை போர்டுகளையெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். வயல், பனை, ஆட்டுக்கிடை எல்லாம் தெரிந்தது அவருக்கு. ஊர் நெருங்கியது. இந்த பஸ் பஞ்சராகி நின்றுவிடக் கூடாதா என்று வேண்டினேன். எதையும் வேண்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இறங்கியதும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றேன். கேட்கவில்லை. நேரே கரையில் ஏறினார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். கண்மாயை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தார். மரம் மரமாகப் பார்த்தார். எங்கள் கட்டடத்தின் ஓட்டின் மேல் ஒரு காக்கை இருந்தது, அதையும் பார்த்தார்.

“நான்தாண்ணே பொய் சொன்னேன். கண்ணுக்காகச் சொன்னேன். மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“தெரியும்த்தா. குஞ்சு கத்தாமக் கண்மாய்ல பறவை இருக்குமா?”

“தெரிஞ்சுமா வந்தீக?”

“கருப்பு விடுதா இல்லையான்னு பார்க்கத்தான் வந்தேன்” என்றார். பிறகு, எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லாததை, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். “பறவை போயிருச்சு. கண்ணு வந்துருச்சு. அப்ப அது என் கண்ணைக் கேக்கலை.”

திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் புதுக் கண்ணால் நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

“சத்தியத்தைச் சும்மா விடாதுத்தா அது. வேற என்னமோ எடுக்கப் போகுது. பிள்ளை எங்கன?”

பைத்தியக்காரப் பேச்சு பேசாதீக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. பள்ளிக்கூட வேன் வருகிற நேரம்தான் அது. கையிலிருந்த மருந்துப் பையைக் கரையிலேயே போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்தது. வேன் அன்றைக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. ஏன் தாமதம் என்று டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். வழியில் ஆட்டு மந்தை ரோட்டை மறித்துவிட்டது என்றார்.

மகள் இறங்கி, என் வெறுங்காலைப் பார்த்தாள்.

“என்னம்மா, ஏன் இங்கன வந்து நிக்கிறே?”

“சும்மாதான். வா” என்றேன்.

அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு நாளும் அந்த ரோட்டில் அவளைத் தனியாக நடக்க விட்டதில்லை.